ஜே. பி. எஸ். ஹால்டேன்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் (நவம்பர் 5, 1892 – டிசம்பர் 1, 1964) இங்கிலாந்தில் பிறந்து, தம் வாழ்வின் கடைசி ஏழு ஆண்டுகளை இந்தியாவில் கழித்து, இந்தியக் குடிமகனாக மறைந்த உயிரியலாளர் ஆவார். மரபியல், உயிர்வேதியியல், உடலியங்கியல், உயிர்ப்புள்ளியியல் ஆகிய துறைகளில் குறிப்பிடத்தக்க பங்களிப்புகளைச் செய்தவர். டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கையையும் மெண்டலின் மரபியலையும் கணித வழியில் இணைத்த மூவருள் ஒருவராக, ரொனால்டு ஃபிஷர், செவால் ரைட் ஆகியோருடன் சேர்த்து இவர் எண்ணப்படுகிறார்.

உயிரியலுக்கு வெளியே இவர் பெயர் நிலைத்திருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பகுத்து ஐதரசன் (நீரியம்) வளிமத்தைப் பெறுவது, அதை நீர்மமாக்கிச் சேமிப்பது, தேவைப்படும்போது மீண்டும் மின்சாரமாகவோ எரிபொருளாகவோ பயன்படுத்துவது என்ற முழுத் திட்டத்தையும் 1923ஆம் ஆண்டிலேயே இவர் விளக்கினார். பசுமை ஐதரசன் என்று இன்று அழைக்கப்படும் தொழில்நுட்பத்தின் தொடக்ககால வரைவுகளில் இது முதன்மையானதாகக் கருதப்படுகிறது.

பிறப்பும் குடும்பமும்

ஹால்டேன் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் மூச்சியக்கம் பற்றிய ஆய்வுகளால் புகழ்பெற்ற உடலியங்கியலாளர். தாய் லூயிசா கேத்லீன் டிராட்டர். தங்கை நவோமி மிச்சிசன் பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளரானார். தந்தையின் உடன்பிறந்தவரான ரிச்சர்டு ஹால்டேன் பிரித்தானிய அமைச்சரவையில் போர்த்துறை அமைச்சராக இருந்தவர்.

தந்தை நிலக்கரிச் சுரங்கங்களில் ஏற்படும் நச்சு வளிமங்களை ஆராய்ந்தவர். சுரங்க வெடிப்புகளில் இறப்போரில் பெரும்பாலோர் கார்பன் மோனாக்சைடு நஞ்சால் இறக்கின்றனர் என்பதைக் கண்டறிந்தவர். அந்த வளிமத்தை முன்கூட்டியே அறியக் கேனரிப் பறவைகளைச் சுரங்கத்துள் கொண்டு செல்லும் வழக்கம் இவரது பரிந்துரையால் ஏற்பட்டது. தந்தை தம் மகனையும் சிறுவயதிலேயே சுரங்கங்களுக்கு அழைத்துச் சென்றார். ஒருமுறை மீத்தேன் தேங்கிய இடத்தில் சிறுவனை நிமிர்ந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகப் பகுதி ஒன்றை ஒப்பிக்கச் செய்தார். சிறிது நேரத்தில் அவன் மயங்கி விழுந்தான். தரையருகே நல்ல காற்று இருந்ததால் தெளிவு பெற்றான். மீத்தேன் காற்றைவிட எடை குறைந்தது, ஆகவே மேலே தேங்கும் என்ற பாடத்தை ஹால்டேன் இவ்வாறு கற்றார். வளிமங்களின் இயல்பைப் பற்றிய இந்த நேரடிப் பயிற்சி அவரது பிற்காலச் சிந்தனையில் தொடர்ந்து தென்படுகிறது.

கல்வியும் முதல் உலகப் போரும்

ஆக்ஸ்போர்டில் டிராகன் பள்ளியிலும், பின்னர் ஈட்டன் பள்ளியிலும் பயின்ற ஹால்டேன், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் நியூ கல்லூரியில் சேர்ந்தார். முதலில் கணிதத்திலும், 1914இல் கிரேக்க, இலத்தீன் மொழிகளும் மெய்யியலும் அடங்கிய படிப்பிலும் முதல் வகுப்பில் தேறினார். அறிவியலில் இவர் பட்டம் எதுவும் பெறவில்லை. மரபியலைத் தங்கையுடன் சேர்ந்து வீட்டில் கினிப் பன்றிகளையும் எலிகளையும் வளர்த்துக் கற்றார்.

முதல் உலகப் போரில் பிளாக் வாட்ச் படைப்பிரிவில் சேர்ந்து பிரான்சிலும் மெசபொத்தேமியாவிலும் போரிட்டார். இரண்டு இடங்களிலும் காயமுற்றார். 1915இல் செருமானியப் படை குளோரின் வளிமத்தைப் பயன்படுத்தியபோது, முகமூடிகளைச் சோதிக்கும் பணியில் தந்தைக்கு உதவினார். மெசபொத்தேமியாவில் காயமடைந்த பின் உடல்நலம் தேற இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்தியாவை இவர் முதன்முதலில் கண்டது அப்போதுதான்.

கேம்பிரிட்ஜ் வாழ்க்கை

போருக்குப் பின் நியூ கல்லூரியில் ஆய்வாளராக இருந்த ஹால்டேன், 1923இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் துறையில் பணியேற்றார். அத்துறைக்குத் தலைமை வகித்தவர் ஃபிரெடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ். 1925இல் ஜி. இ. பிரிக்ஸ் என்பவருடன் சேர்ந்து, நொதிகளின் வினைவேகத்தை விளக்கும் சமன்பாட்டுக்குப் புதிய அடிப்படை அமைத்தார். உயிர்வேதியியல் மாணவர்கள் இதை இன்றும் பிரிக்ஸ்–ஹால்டேன் முறை என்ற பெயரில் கற்கின்றனர்.

1926இல் செய்தியாளர் சார்லட் பர்கெஸ் என்பவரை மணந்தார். அவரது முந்தைய மணமுறிவு வழக்கில் ஹால்டேனின் பெயர் இடம்பெற்றதால் பல்கலைக்கழகம் இவரைப் பணியிலிருந்து நீக்கியது. ஹால்டேன் முறையீடு செய்து வென்று பணியைத் திரும்பப் பெற்றார்.

1923ஆம் ஆண்டு உரை

1923 பிப்ரவரி 4ஆம் நாள் கேம்பிரிட்ஜில் ஹெரெட்டிக்ஸ் என்னும் கழகத்தின் கூட்டத்தில் ஹால்டேன் ஓர் உரை நிகழ்த்தினார். இவ்வுரை டீடலஸ் அல்லது அறிவியலும் எதிர்காலமும் என்னும் தலைப்பில் சிறு நூலாக வெளிவந்து பெரும் கவனத்தைப் பெற்றது. டீடலஸ் என்பது கிரேக்கப் புராணத்தில் வரும் கைவினைஞரின் பெயர். கருவைத் தாயின் உடலுக்கு வெளியே வளர்ப்பது பற்றி இந்நூலில் உள்ள பகுதியே அதிகம் பேசப்பட்டது. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் எழுதிய புதினத்தில் அதன் தாக்கம் உண்டு. மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1924இல் இக்காரஸ் என்ற நூலை இதற்கு மறுப்பாக எழுதினார். இந்த விவாதங்களுக்கு நடுவே, ஆற்றல் பற்றி ஹால்டேன் கூறிய சில பக்கங்கள் அக்காலத்தில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

நிலக்கரியும் எண்ணெயும் சில நூற்றாண்டுகளில் தீர்ந்துவிடும் என்பது ஹால்டேனின் தொடக்கக் கருத்து. நீர்மின்சாரம் அளவில் குறைவானது, பருவத்துக்குப் பருவம் மாறுவது, எல்லா இடங்களிலும் கிடைக்காதது என்பதால் முழு மாற்றாகாது என்று கருதினார். ஆயினும் இமயமலையின் அடிவாரம் போன்ற நீர்வளமுள்ள மலைப்பகுதிகளுக்குத் தொழில்கள் இடம்பெயரலாம் என்று குறிப்பிட்டார். அணுவிலிருந்து வணிக அளவில் ஆற்றல் பெறலாம் என்பதை அவர் அப்போது நம்பவில்லை. இறுதியில் காற்றையும் சூரிய ஒளியையும்தான் நாட வேண்டியிருக்கும் என்றும், இவை இடைவிட்டுக் கிடைப்பதால் ஆற்றலைச் சேமிப்பதே உண்மையான சிக்கல் என்றும் அவர் முடிவு செய்தார். விலை குறைந்த, நீடித்து உழைக்கும் மின்கலம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அதுவே போதும் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

உற்பத்தி

நானூறு ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து எவ்வாறு இருக்கும் என்ற கற்பனையாக ஹால்டேன் தம் திட்டத்தை முன்வைத்தார். நாடெங்கும் உலோகக் காற்றாலைகள் வரிசையாக நிற்கும். அவை தரும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகள் வழியே செல்லும். ஆங்காங்கே பெரிய மின்நிலையங்கள் அமைக்கப்படும். காற்று மிகுந்த நாட்களில் தேவைக்கு மேல் கிடைக்கும் மின்சாரம் அங்கே நீரை ஐதரசனாகவும் ஆக்சிசனாகவும் பகுக்கப் பயன்படும்.

மின்சாரத்தால் நீரைப் பகுக்கும் முறை புதியதன்று. 1800ஆம் ஆண்டிலேயே வில்லியம் நிக்கல்சனும் அந்தோணி கார்லைலும் அதைச் செய்து காட்டினர். ஒரு கிலோகிராம் ஐதரசனுக்குக் குறைந்தது 9 கிலோகிராம் நீர் வேண்டும். உடன்விளைவாக 8 கிலோகிராம் ஆக்சிசன் கிடைக்கும். இன்றைய கருவிகள் இதற்கு 50 கிலோவாட்-மணி அளவிலோ அதற்குச் சற்று மேலோ மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன.

சேமிப்பு

கிடைக்கும் வளிமங்களை நீர்மமாக்கி, வெற்றிட உறையுள்ள மிகப்பெரிய தொட்டிகளில், பெரும்பாலும் நிலத்துக்கு அடியில், சேமிக்க வேண்டும் என்றார் ஹால்டேன். ஐதரசன் ஏறத்தாழ –253 பாகை செல்சியசில்தான் நீர்மமாகும். ஜேம்ஸ் டூவர் 1898இல் இதைச் செய்து காட்டினார். வெப்பத்தைத் தடுக்கும் வெற்றிடக் குடுவையை உருவாக்கியவரும் அவரே.

வெளியிலிருந்து வெப்பம் கசிந்தால் நீர்ம ஐதரசன் ஆவியாகி வீணாகும். இதற்குத் தொட்டியின் அளவையே ஹால்டேன் விடையாகக் கண்டார். வெப்பம் தொட்டியின் பரப்பு வழியே நுழைகிறது. சேமிக்கப்படும் நீர்மமோ கொள்ளளவைப் பொறுத்தது. பக்கங்கள் பத்து மடங்கானால் பரப்பு நூறு மடங்காகும், கொள்ளளவு ஆயிரம் மடங்காகும். எனவே தொட்டி பெரிதாகப் பெரிதாக இழப்பின் விகிதம் குறையும். நூறு கெஜம் நீள அகலமும் 60 அடி ஆழமும் உள்ள தொட்டியில் நாள்தோறும் ஆவியாகும் பங்கு, இரண்டடிக் கனசதுரத் தொட்டியில் ஆவியாகும் பங்கில் ஆயிரத்தில் ஒன்றுகூட இராது என்பது அவர் மதிப்பு. வடிவக் கணக்கை மட்டும் கொண்டால் இவ்விகிதம் ஏறத்தாழ 64இல் ஒன்றாகும்; அதற்கும் கீழே செல்லக் காப்புறை தடித்ததாக இருக்க வேண்டும். பரப்புக்கும் கொள்ளளவுக்கும் உள்ள இதே தொடர்பை விலங்குகளின் உடலளவுக்குப் பொருத்தி ஹால்டேன் 1926இல் எழுதிய கட்டுரை அவரது மிகப் புகழ்பெற்ற எழுத்துகளுள் ஒன்றாகும்.

பயன்பாடும் போக்குவரத்தும்

காற்று வீசாத நாட்களில் சேமித்த வளிமங்களைப் பொறிகளில் எரித்தோ, ஆக்சிசனேற்றக் கலங்களில் இணைத்தோ மீண்டும் மின்சாரம் பெறலாம் என்று ஹால்டேன் கூறினார். இவ்விரண்டில் கலங்களே பெரும்பாலும் பயன்படும் என்றும் கருதினார். இக்கலங்களே இன்று எரிபொருள் கலங்கள் எனப்படுகின்றன.

எடைக்கு எடை ஒப்பிட்டால் நீர்ம ஐதரசன் பெட்ரோலைவிட மூன்று மடங்கு வெப்பம் தரும். ஆனால் கன அளவுக்குக் கன அளவு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கே தரும் என்று அவர் கணக்கிட்டார். இன்றைய அளவீடுகளின்படி முதல் எண் ஏறத்தாழச் சரியானது. இரண்டாவது நான்கில் ஒரு பங்குக்கு அருகில் வருகிறது. இடத்தைவிட எடை முதன்மையான வானூர்திகளுக்கு இது ஏற்ற எரிபொருளாகும் என்பது அவர் முடிவு.

சமூக விளைவுகள்

இத்திட்டத்தில் ஹால்டேன் மிகவும் மதித்தது அதன் சமூகப் பயனை. தொடக்கச் செலவு மிகப் பெரிதாக இருக்கும், நடத்தும் செலவு குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் ஆற்றல் ஒரே விலையில் கிடைக்கும். எனவே தொழில்கள் நிலக்கரி வயல்களைச் சுற்றிக் குவியாமல் பரவும். புகையும் சாம்பலும் இரா. நிலக்கரிப் புகையால் கறுத்த நகரங்களையும் சுரங்கச் சாவுகளையும் சிறுவயது முதல் கண்டவரின் கருத்து என்ற வகையில் இப்பகுதி கவனத்துக்குரியது.

முன்னோடி முயற்சிகள்

காற்றாலையால் ஐதரசன் பெறும் எண்ணம் ஹால்டேனுக்கு முன்பே செயல்வடிவம் பெற்றிருந்தது. டென்மார்க்கில் ஆஸ்கோவ் என்னும் ஊரில் பால் லா கூர் என்ற ஆசிரியர் 1890களில் காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பகுத்து, கிடைத்த ஐதரசனைத் தொட்டியில் தேக்கித் தம் பள்ளிக்கு விளக்கேற்றினார். எரிபொருள் கலத்தின் முதல் வடிவத்தை வில்லியம் குரோவ் 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கியிருந்தார். ஹால்டேனின் தனிச்சிறப்பு, சிதறிக் கிடந்த இவற்றை ஒரு நாட்டின் முழு ஆற்றல் அமைப்பாக இணைத்துக் காட்டியதில் உள்ளது. அவர் இத்துறையில் ஆய்வு எதுவும் நடத்தவில்லை. கருவி எதையும் செய்யவில்லை.

மரபியல் பணிகள்

1924 முதல் 1934 வரை இயற்கைத் தேர்வின் கணிதக் கொள்கை பற்றி ஹால்டேன் பத்துக் கட்டுரைகள் வெளியிட்டார். பரிணாமத்தின் காரணங்கள் என்னும் நூல் 1932இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1929இல், தொடக்ககாலப் பூமியின் கடலில் உயிரற்ற பொருள்களிலிருந்து உயிர் தோன்றியிருக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டார். உருசிய அறிஞர் ஓபாரினும் இதே கருத்தைத் தனியே கூறியிருந்ததால் இது ஓபாரின்–ஹால்டேன் கருதுகோள் எனப்படுகிறது.

1933இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மரபியல் பேராசிரியரானார். 1957 வரை அங்கேயே பணியாற்றினார். குருதி உறையாமை நோய்க்கான மரபணு மாற்றம் எவ்வளவு வேகத்தில் நிகழ்கிறது என்பதை 1935இல் மதிப்பிட்டார். தலசீமியா போன்ற குருதி நோய்கள் மலேரியா மிகுந்த பகுதிகளில் பரவியிருப்பதற்கு, அம்மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைப்பதே காரணமாகலாம் என்று 1949இல் கூறினார். இக்கருத்துப் பின்னர் உறுதிப்படுத்தப்பட்டது. 1952இல் டார்வின் பதக்கம் பெற்றார்.

தன்மீது செய்த சோதனைகள்

தந்தையைப் பின்பற்றி ஹால்டேன் தம் உடலையே ஆய்வுப் பொருளாக்கினார். குருதியின் அமிலத்தன்மையை மாற்ற அம்மோனியம் குளோரைடு கரைசலைக் குடித்தார். 1939 சூன் 1ஆம் நாள் தெட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்ததைத் தொடர்ந்து, உயர் அழுத்த அறைகளில் தாமும் தன்னார்வலர்களும் அமர்ந்து பல வளிமக் கலவைகளின் விளைவுகளை ஆராய்ந்தார். அழுத்தம் மிகும்போது ஆக்சிசனே நஞ்சாகும் என்பது பற்றிய அறிவுக்கு இச்சோதனைகள் உதவின. வலிப்பு ஏற்பட்டு இவரது முதுகெலும்பில் காயம் உண்டாயிற்று, செவிப்பறையும் கிழிந்தது.

அரசியல்

1930களில் ஹால்டேன் பொதுவுடைமைக் கொள்கையின்பால் ஈர்க்கப்பட்டார். எசுப்பானிய உள்நாட்டுப் போரின்போது மும்முறை அங்குச் சென்று குடியரசு அரசுக்கு ஆலோசனை வழங்கினார். 1942இல் பிரித்தானியப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். டெய்லி ஒர்க்கர் நாளிதழில் உழைப்பாளர்களுக்காக 300க்கும் மேற்பட்ட அறிவியல் கட்டுரைகளை எளிய நடையில் எழுதினார். சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோ மரபியலை ஒடுக்கியபோது அதை உடனே கண்டிக்கத் தயங்கியது இவர்மீது வைக்கப்படும் கடுமையான குறையாகும். 1950 அளவில் கட்சியிலிருந்து விலகினார். 1945இல் முதல் மணம் முறிந்தபின் உயிரியலாளர் எலன் ஸ்பர்வேயை மணந்தார்.

இந்திய வாழ்க்கை

1957இல் பி. சி. மகலனோபிசின் அழைப்பை ஏற்று ஹால்டேனும் மனைவியும் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தனர். சூயெசு கால்வாய் மீது பிரித்தானியா நடத்திய படையெடுப்பைத் தம் வெளியேற்றத்துக்கு ஒரு காரணமாக அவர் அறிவித்தார். இந்திய உடை அணிந்தார். புலால் உணவைக் கைவிட்டார். 1960களின் தொடக்கத்தில் இந்தியக் குடியுரிமை பெற்றார். சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து நாளிதழிலும் இவரது கட்டுரைகள் வெளிவந்தன.

விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலேயே இந்தியாவில் உயர்ந்த ஆய்வு செய்யலாம் என்பது இவரது உறுதியான கருத்து. மலர்களின் இதழ்களை எண்ணுவது, பறவைகளைக் கவனிப்பது, மண்புழுக்கள் மேலே தள்ளும் மண்ணை அளப்பது, வெவ்வேறு நெல் வகைகளைக் கலந்து பயிரிட்டு விளைச்சலை ஒப்பிடுவது போன்ற ஆய்வுகளில் இளைஞர்களை ஈடுபடுத்தினார். தென்னிந்தியாவில் வழக்கிலுள்ள தாய்மாமன், அத்தை மக்கள் மண உறவுகளின் மரபியல் விளைவுகளை ஆராயவும் ஊக்குவித்தார். 1961இல் புள்ளியியல் நிறுவனத்திலிருந்து விலகினார். 1962இல் ஒரிசா அரசின் ஆதரவுடன் புவனேசுவரத்தில் மரபியல், உயிர்ப்புள்ளியியல் ஆய்வகம் ஒன்றை அமைத்தார்.

மறைவு

1963இல் இவருக்கு மலக்குடலில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. லண்டனில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். அங்கிருந்தபோது தம் நோயைப் பற்றி நகைச்சுவைக் கவிதை ஒன்றை எழுதி வெளியிட்டார்; மக்கள் தயங்காமல் உரிய நேரத்தில் மருத்துவரை நாட வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் காலமானார். அவர் விருப்பப்படி அவரது உடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. கொல்கத்தாவில் ஒரு சாலைக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

ஐதரசன் திட்டத்தின் பின்வரலாறு

ஹால்டேன் கூறிய பகுதிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே, அவர் குறித்த நானூறு ஆண்டுகளுக்கு வெகு முன்பே நடைமுறைக்கு வந்தன. கேம்பிரிட்ஜில் ஃபிரான்சிஸ் தாமஸ் பேக்கன் 1959இல் 5 கிலோவாட் எரிபொருள் கலத்தை இயக்கிக் காட்டினார். அவ்வழியில் அமைந்த கலங்களே அப்பல்லோ விண்கலங்களுக்கு மின்சாரம் தந்தன. நீர்ம ஐதரசனால் இயங்கும் சென்டார் ஏவூர்திக் கட்டம் 1963 நவம்பரில், ஹால்டேன் உயிரோடிருந்தபோதே, வெற்றிகரமாகப் பறந்தது. அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தில் 1960களில் 8,50,000 கேலன் கொள்ளளவுள்ள நீர்ம ஐதரசன் கோளத்தொட்டி கட்டப்பட்டது. இங்கிலாந்தில் டீசைடு பகுதியில் 1972 முதல் ஐதரசன் வளிமம் நிலத்தடி உப்புக் குகைகளில் சேமிக்கப்பட்டு வருகிறது. ஐதரசன் பொருளாதாரம் என்ற சொல்லாட்சியை ஜான் போக்ரிஸ் 1970இல் அறிமுகம் செய்தார்.

ஆனால் பகுதிகள் ஒன்றுசேர்ந்து ஒரு நாட்டின் ஆற்றல் அமைப்பாகவில்லை. 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்தது ஐதரசன் மீது அச்சத்தை விதைத்தது. மலிவான எண்ணெயும் இயற்கை எரிவளியும் தேவையைக் குறைத்தன. நீர்மமாக்குவதற்கே ஐதரசனில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு ஈடான மின்சாரம் செலவாகிறது. 2022இல் ஆத்திரேலியாவிலிருந்து யப்பானுக்கு நீர்ம ஐதரசனை ஏற்றிச் சென்ற முதல் கப்பலின் சரக்கும் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெறப்பட்டதே. உலகில் 2023இல் உற்பத்தியான ஏறத்தாழ 9.7 கோடி டன் ஐதரசனில் குறைந்த கரி உமிழ்வுடன் பெறப்பட்டது நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு.

இந்தியாவில்

ஹால்டேன் குறிப்பிட்ட இமயமலை அடிவாரத்தில், அவர் இந்தியாவில் வாழ்ந்த காலத்திலேயே, பசுமை ஐதரசன் பேரளவில் உற்பத்தியானது. பஞ்சாபில் நங்கல் உரத்தொழிற்சாலை பக்ரா அணையின் மின்சாரத்தால் நீரைப் பகுத்து, அந்த ஐதரசனிலிருந்து அம்மோனியாவும் உரமும் செய்தது. 1962இல் அதனுடன் கனநீர் ஆலையும் இயங்கத் தொடங்கியது. பின்னர் மின்சாரத்துக்குப் பிற தேவைகள் பெருகியதால் அங்கு இம்முறை கைவிடப்பட்டது.

2023 சனவரி 4ஆம் நாள் இந்திய அரசு 19,744 கோடி ரூபாய் மதிப்பில் தேசியப் பசுமை ஐதரசன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி அதன் இலக்கு. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியுள்ளது. காற்று மே முதல் செப்டம்பர் வரை மிகுந்தும் பிற மாதங்களில் குறைந்தும் வீசுவதால், ஹால்டேன் கூறிய சேமிப்புச் சிக்கல் இங்கு நேரடியாகப் பொருந்துகிறது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் ஏவூர்திகளுக்கான நீர்ம ஐதரசன் கையாளப்படுகிறது. சென்னை இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் 2025 சூலையில் ஐதரசனால் இயங்கும் தொடர்வண்டிப் பெட்டி சோதிக்கப்பட்டது. தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தில் மணிக்கு 10 கன மீட்டர் அளவில் பசுமை ஐதரசன் தரும் முன்னோடி ஆலை 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்டது.

தருமபுரியும் நீரும்

ஹால்டேனின் திட்டம் மழை மிகுந்த இங்கிலாந்தை எண்ணி வரையப்பட்டது. அதனால் நீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அதில் இடம்பெறவில்லை. தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் அதுவே முதற் கேள்வியாகும். தருமபுரி மாவட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. நிலக்கரியும் கடற்கரையும் இல்லாத, மானாவாரி வேளாண்மை மிகுந்த இம்மாவட்டத்திலிருந்து மக்கள் பெங்களூரு, திருப்பூர் போன்ற நகரங்களுக்கு வேலை தேடிச் செல்கின்றனர். ஆற்றல் எங்கும் ஒரே விலையில் கிடைத்தால் தொழில்கள் பரவும் என்ற ஹால்டேனின் வாதம் இத்தகைய மாவட்டங்களுக்கே மிகவும் பொருந்தும். ஆனால் இங்கு நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்துள்ளதால், காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. குடிநீருக்கே இவ்வளவு முயற்சி தேவைப்படும் இடத்தில், தூய நீரை வேண்டும் ஐதரசன் ஆலைக்கு நீர் ஒதுக்குவது எளிதன்று.

நாடு முழுவதற்குமான அளவைப் பார்த்தால் நிலைமை வேறு. ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஐதரசனுக்கு வேதிக் கணக்கின்படி 4.5 கோடி கன மீட்டர் நீர், அதாவது ஏறத்தாழ 1.6 டி.எம்.சி. போதும். ஒகேனக்கல்லைக் கடந்து வரும் காவிரியைத் தேக்கும் மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆகும். தூய்மையாக்குவதற்கும் குளிர்விப்பதற்கும் ஆகும் நீரைச் சேர்த்தால் தேவை பல மடங்காகலாம். ஆகவே நீரின் மொத்த அளவைவிட, அது எந்த ஊரிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதே முதன்மை பெறுகிறது. கடல்நீரைத் தூய்மையாக்கிப் பயன்படுத்தக் கூடிய துறைமுகங்களை ஒட்டி இத்தகைய ஆலைகள் திட்டமிடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அவ்வாறு கடற்கரையில் மட்டும் ஆலைகள் அமைந்தால், தொழில்கள் நாடெங்கும் பரவும் என்று ஹால்டேன் எதிர்பார்த்த பயன் உள்மாவட்டங்களுக்குத் தானாக வந்து சேராது.

மதிப்பீடு

உயிரியல் வரலாற்றில் ஹால்டேனின் இடம் அவரது மரபியல் பணிகளால் அமைந்தது. ஆற்றல் பற்றிய அவரது கணிப்பு, பொறியாளர் அல்லாத ஒருவர் அடிப்படை இயற்பியலையும் எளிய கணக்கையும் கொண்டு எவ்வளவு தொலைவு காண முடியும் என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. காற்றாலை, மின்னாற்பகுப்பு, நீர்மச் சேமிப்பு, எரிபொருள் கலம் என்ற வரிசை ஏறத்தாழ அவர் கூறியபடியே இன்றும் உள்ளது. மின்கலமே போதுமானதாகலாம் என்று அவர் விட்டுவைத்த மாற்று வழியும் சிற்றுந்துகள் போன்ற பல பயன்பாடுகளில் ஐதரசனை முந்திவிட்டது. தொடக்கச் செலவு பெரிதாக இருக்கும் என்ற அவரது எச்சரிக்கையும் பொய்க்கவில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பசுமை ஐதரசன் பரவாமல் இருப்பதற்கு அதுவே முதற்காரணமாக உள்ளது.